ஞாயிற்றுக்கிழமைச் சரிவு

மார்ச் 3, ஞாயிறு

முழங்கை இரண்டிலும் தோல் உரிந்திருக்கிறது. கையை மேசையில் ஊன்ற முடியாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணிக்கொண்டு போகிறது. ஆனாலும் எழுதியாக வேண்டும். இன்று நானும் அண்ணியும் படகை ஏரியில் இறக்கினோம்.

இறக்கினோம் என்று எழுதத்தான் எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

அண்ணன் போன மழைக்காலத்தில் வேறொருத்தியோடு வேறு ஊருக்குப் போய்விட்டான். படகை வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டபடியே விட்டுப் போனான். படகு வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டது அண்ணிதான். ஓட்டியது, ஓட்டியதைப் பற்றிப் பேசியது, பேசிப் பேசி எங்கள் காதைத் தின்றது எல்லாம் அண்ணன். கீழ் வீட்டில் அண்ணி, மாடியில் நான். அவன் போன பிறகும் அப்படியே இருக்கிறோம். நாளைக்கே அண்ணி பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் இரு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? அண்ணனே இல்லாதபோது அண்ணி எனக்கு யார்? இதை நான் கேட்பதில்லை. கேட்டால் அவருக்கும் ஞாபகம் வந்துவிடும்.

அண்ணி டவுன் பஸ் ஓட்டுகிறவர். கடைவீதி நெரிசலில் பஸ்ஸை ஊசியில் நூல் கோப்பது போல நுழைத்துவிடுவார். படகை ஏற்றி இழுத்துப் போகும் ட்ரெய்லரிடம் அந்த ஜம்பம் பலிக்கவில்லை. ஏரிக்கரையில் ஒரு சிமென்ட் சரிவு, தண்ணீருக்குள் இறங்கிப் போகிறது. வண்டியைப் பின்னோக்கி எடுத்து, படகு ஏறிய ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் விட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் ட்ரெய்லர் வலப்பக்கம் போகிறது. "இது என்னடி, மாமியார் வீட்டு மாடு மாதிரி சொன்னதுக்கு எதிரா போகுது!" என்றார். எங்களுக்குப் பின்னால் வரிசை. ஒருவர் ஹாரன் அடிக்கவில்லை, விசில் அடித்தார். ஏதோ மெல்லிசை. நேரம் ஆக ஆக விசில் மட்டும் சத்தமாகிக்கொண்டே போயிற்று. நான் பாசியில் வழுக்கி விழுந்தது அந்தப் பாட்டின் உச்சத்தில்.

மார்ச் 5, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு கிழவருக்குக் கண் சோதித்தேன். "இப்ப தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா?" என்று கேட்டால் "ரெண்டும் நல்லாத்தாம்மா இருக்கு" என்கிறார். எனக்கும் அப்படித்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பூராவும் ஏரியாகவே தெரிந்தது.

மார்ச் 10, ஞாயிறு

விசில்காரர் நல்ல மனிதர். இன்று வண்டி நிறுத்தும் திடலிலேயே வந்து பேசினார். சாமான் ஏற்றுவது, கயிறு கட்டுவது, மூடி போடுவது எல்லாம் மேலேயே முடித்துவிட வேண்டுமாம். சரிவில் போய் நின்றுகொண்டு சாப்பாட்டுக் கூடையை அடுக்கினால் பின்னால் இருப்பவன் சாபம் பலிக்குமாம். "விடியாத நேரத்துல வந்தா ஹெட்லைட்ட அணைச்சுடுங்கம்மா. ரிவர்ஸ் எடுக்கறவன் கண்ணு கூசும்." இதெல்லாம் எங்கேயும் எழுதிப் போடவில்லை. எழுதிப் போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்றார்.

அண்ணி மூன்றாம் முயற்சியில் நேராக இறக்கிவிட்டார். படகு மிதந்தது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவர் வண்டியை மேலே நிறுத்திவிட்டு வருவார். ஒரே ஒரு வேலை.

பனி தண்ணீர் மேல் படுத்திருந்தது. எங்கே ஏரி முடிகிறது, எங்கே வானம் ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள் ஒரு படகு, ஆளே இல்லாமல், யாரோ கூப்பிட்ட மாதிரி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு அழகு என்று நினைத்தேன். யாருடையதாக இருக்கும் என்றும் நினைத்தேன். கையைப் பார்த்தேன். கயிறு இல்லை.

"தூங்குமூஞ்சி! ஏய் தூங்குமூஞ்சி!" அண்ணி மேலேயிருந்து ஓடி வருகிறார். சரிவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். விசில்காரர் தன் படகில் போய் எங்கள் படகைக் கன்றுக்குட்டி போல இழுத்து வந்து ஒப்படைத்தார். அண்ணி என்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே, அதைக் கேட்டு இரண்டு கொக்கு பறந்து போயிற்று.

நடு ஏரியில் இன்ஜினை அணைத்தோம். பனி விலகவில்லை. திட்டி முடித்த அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும். படகுக்கு அடியில் தண்ணீர் என்னவோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. இந்த மாதிரி எத்தனை ஞாயிறு வேண்டுமானாலும் எனக்குச் சம்மதம்.

மார்ச் 12, செவ்வாய்

அண்ணன் போன் செய்தான். இத்தனை மாதத்தில் முதல் தடவை. அவளோடு திரும்பி வந்துவிட்டானாம், ஏரிக்கு அந்தப் பக்கம் வீடாம். புதுப் படகும் வாங்கிவிட்டான். ஞாயிறுதான் அவனுக்கு லீவு. "நீங்க ரெண்டு பேரும் சனிக்கிழமை போங்களேன். நேருக்கு நேர் பாத்தா எல்லாருக்கும் சங்கடம். ஒரு மரியாதைக்குத்தான் சொல்றேன். நான் சொன்னேன்னு உன் அண்ணிகிட்ட சொல்லாத."

சரி என்றேன். ஏன் சரி என்றேன்? வாய் தானாகச் சொல்லிவிட்டது. சின்ன வயதிலிருந்து அவன் கேட்டால் என் வாய் அப்படித்தான். விட்டுப் போனவன் அவன், ஒதுங்கிப் போக வேண்டியவர் அண்ணியா?

மார்ச் 14, வியாழன்

சொல்லிவிட்டேன், பொய்தான். இனிமேல் ஞாயிறும் கடை திறக்கப் போகிறோம், சனிக்கிழமை போகலாமா என்று. அண்ணி கொஞ்சம் யோசித்துவிட்டு "சரி, பாத்துக்கலாம்" என்றார். உண்மையைச் சொன்னால் அவர் மனம் நோகும் என்றுதானே? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

மார்ச் 23, சனி

சனிக்கிழமை ஏரி வேறு ஏரி. காற்று, கூட்டம். சரிவை மறித்துக்கொண்டு ஒரு குடும்பம் போட்டோ எடுத்தது. யாரும் யாருக்கும் கயிறு பிடிக்கவில்லை. மேலே எவனோ இன்னொருவன் சட்டையைப் பிடிக்காத குறை. வரிசையில் நின்றே வெயில் ஏறிவிட்டது, அண்ணி கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தார். சனிக்கிழமை அவருக்கு டூட்டி. இன்று வருவதற்காக வேறொரு டிரைவரிடம் ராத்திரி டூட்டியை மாற்றி வாங்கி, தூங்காமல் வந்திருக்கிறார். திரும்பும்போது சொன்னார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மார்ச் 26, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன். அண்ணி கண்ணாடியின் காது உடைந்துபோய், சரி செய்ய நேராகக் கடைக்கே வந்துவிட்டார். நான் ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் கதவில் தொங்கிய பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். ஞாயிறு விடுமுறை. கண்ணாடி இல்லாமலே படிக்கும் அளவுக்கு அவ்வளவு பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அண்ணன், போன், மரியாதை. கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, "பரவாயில்லைங்க. நீங்க என்ன பண்ணுவீங்க, உங்க அண்ணன்தானே" என்றார்.

உங்க அண்ணன். நீங்க.

இதுவரை ஒரு நாளும் அவர் என்னை நீங்க என்று கூப்பிட்டதில்லை.

மார்ச் 31, ஞாயிறு

விடியும் முன்பே கீழே வண்டிச் சத்தம். ஓடி இறங்கி நானும் வருகிறேன் என்றேன். "வேண்டாம், உங்களுக்கு எதுக்கு சிரமம்? நான் பாத்துக்கறேன்." அப்புறம் "நன்றி" வேறு! நன்றியாம்! இந்த வீட்டில் யார் யாருக்கு நன்றி சொல்லியிருக்கிறோம்?

தனி ஆள் படகு இறக்குவது லேசான காரியமில்லை. ட்ரெய்லரின் சிவப்பு விளக்கு இரண்டும் தெரு முனையில் திரும்பி மறைகிற வரை மாடியில் நின்று பார்த்தேன். அப்புறமும் நின்றேன். பால்காரர் வந்து போனது தெரியாது. மத்தியானம் அண்ணி திரும்பி வந்தார், முட்டியில் சிராய்ப்பு. "எப்படி இருந்தது?" என்றேன். "நல்லா இருந்ததுங்க." கதவை மெதுவாக, ரொம்ப மெதுவாகச் சாத்தினார். அறைந்து சாத்தியிருக்கலாம்.

ஏப்ரல் 3, புதன்

விருந்தாளிக்கு எடுக்கும் கோப்பையில், தட்டோடு, அண்ணி டீ கொண்டு வந்து வைத்தார். குடிக்க முடியவில்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

கனவில் நான் சரிவில் நிற்கிறேன். பனி. படகு போய்க்கொண்டிருக்கிறது, இந்தத் தடவை அண்ணி அதில் உட்கார்ந்திருக்கிறார், மடியில் பெட்டி. கூப்பிட வாயைத் திறந்தால் "நன்றி" என்று வருகிறது. எழுந்து தண்ணீர் குடித்தேன். கீழ் வீட்டில் நிஜமாகவே அலமாரி இழுபடும் சத்தம். பஸ் டிப்போ ஊழியர் குவார்ட்டர்ஸில் ஒரு வீடு காலியாகிறது என்று முந்தாநாள் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாரே? கேட்கவா? என்னவென்று கேட்பது?

ஏப்ரல் 7, ஞாயிறு

அழைக்காமலே போனேன். நடந்தே. ஏரி வரும் முன்பே ஏரி வாசனை வந்துவிட்டது.

சரிவில் ஒரே நேரத்தில் இரண்டு படகு இறக்கலாம், நடுவில் ஒரு கட்டை. இந்தப் பக்கம் அண்ணி தனியாக ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம், அண்ணன். புதுப் படகு பளபளவென்று. அவனுக்கு முடி கொட்டியிருந்தது. அவன் கூட்டிப் போனவள் முட்டளவு தண்ணீரில், வழுக்கும் செருப்போடு, கயிற்றைப் பாம்பைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைவிடச் சின்னவள். இருவருமே என்னைப் பார்க்கவில்லை, ஒரு கணம் எல்லாம் ஓசையே இல்லாமல் நடந்தது, மீன் தொட்டிக்கு வெளியே நின்று பார்ப்பது மாதிரி.

அப்புறம் அண்ணன் பார்த்துவிட்டான். "ஏய், நல்லவேளை வந்த! இங்க வா, இந்தக் கயிறப் புடி. இவளுக்கு ஒண்ணும் தெரியல." அண்ணியிடமும் இதே குரலில்தான் பேசுவான்.

என் கால் அவன் பக்கம் ஒரு எட்டு வைத்துவிட்டது. அதையும் எழுதத்தான் வேண்டும். அதற்குள் காற்று அண்ணியின் படகைப் பின்பக்கமாகத் திருப்பிக் கட்டை மேல் தள்ள ஆரம்பித்தது. அண்ணி வண்டிக்குள் இருக்கிறார், கயிற்றின் முனை தண்ணீரில் கிடக்கிறது. ஷூவோடு இறங்கினேன். இடுப்பு வரை குளிர். கயிற்றைப் பிடித்து மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டேன்.

"உன்னத்தான் கூப்பிடறேன்!" என்றான் அண்ணன்.

"நான் அண்ணியோட வந்திருக்கேண்ணா."

எங்கே வந்தேன்? தனியாகத்தான் நடந்து வந்தேன். ஆனால் அதுதான் வாயில் வந்தது, அதுவும் உரக்க. விசில்காரரின் விசில் நின்றுவிட்டது.

அப்புறம் அண்ணியின் தலை ஜன்னலுக்கு வெளியே வந்தது.

"வந்திருந்தா ஒழுங்கா வந்திருக்கணும்! நடு வழியில நின்னா நான் உன் மேலயே ஏத்தவா? தள்ளி நில்லுடி! மணிக்கட்டுல சுத்துறா பாரு, கை போயிடும், அவிழ்த்து விடு! நாலு எழுத்து படிச்சவதானே நீ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீரில் நின்று அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது. அண்ணி வண்டியை மேலே நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். பக்கத்தில் அண்ணன் ஏதோ கத்த, அந்தப் பெண் தடுமாறினாள். அண்ணி அவனைப் பார்க்கவே இல்லை. என்னிடம் மட்டும் "அது விழப் போகுது. போய்க் கையக் குடு, படகு கட்டற வரைக்கும் நின்னுட்டு வா" என்றார். போனேன். அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "தேங்க்ஸ்க்கா" என்றாள்.

நடு ஏரியில் கேட்டுவிட்டேன். "டிப்போ குவார்ட்டர்ஸுக்குப் போறீங்களா?" அண்ணி தண்ணீரில் கையை விட்டு அளைந்துகொண்டே இருந்தார். "கேட்டு வச்சிருக்கேன்" என்றார். வெயில் தண்ணீர் மேல் சில்லறையாகக் கொட்டிக் கிடந்தது.

ஏப்ரல் 8, திங்கள்

அண்ணன் போன். நாலு பேர் முன்னால் மானம் போய்விட்டதாம். சனிக்கிழமை என்று எவ்வளவு மரியாதையாகச் சொன்னானாம். "படகு இறக்கற இடம் பொதுண்ணா. எல்லாரும் வரலாம், நீயும் வரலாம். நாங்க ஞாயித்துக்கிழமைதான் வருவோம்" என்றேன். இந்தத் தடவை வாய் தானாகச் சரி என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 11, வியாழன்

காலையில் ஷூவை வாசலில் காயப்போட்டதற்கு ஒரு திட்டு. எடுக்காததற்கு சாயந்திரம் ஒரு திட்டு. குவார்ட்டர்ஸ் பற்றிப் பேச்சில்லை. நானும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

தொண்டை போய்விட்டது. எனக்கு மட்டுமில்லை, அண்ணிக்கும். இன்று முதல் தடவையாக நான் ரிவர்ஸ் எடுத்தேன். அவர் வெளியே நின்று கத்த, நான் உள்ளேயிருந்து கத்த, வரிசையில் இருந்தவர்கள் என்ன பாவம் செய்தார்களோ. ஏழாவது தடவை நேராக இறங்கியது. யாரோ கை தட்டினார்கள்.

இப்போது கீழ் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து இருவரும் உப்பு வெந்நீர் கொப்பளித்துக்கொண்டிருக்கிறோம். நாளைக்கு அவருக்கு பஸ்ஸில் குரல் வேண்டும், எனக்குக் கடையில். சற்று முன் குவார்ட்டர்ஸ்காரர் போன் செய்தார். அண்ணி எடுத்தார், சத்தமே வரவில்லை. போனை என்னிடம் நீட்டி, வேண்டாம் என்று சொல்லிவிடு என்பது போலக் கையை ஆட்டினார்.

எனக்கும்தான் குரல் இல்லை. இருந்தும் எப்படியோ சொல்லிவிட்டேன்.