இரும்பு பிடித்தால் சரியாகிவிடுமாம்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே அனல். குழாயில் தண்ணீர் இல்லை. கேஸ் புக் பண்ணணும்.

வீட்டுக்காரர் ஓட்டுவது கம்பெனி வேன். இன்று சுங்குவார்சத்திரம் டீக்கடையில் கிளாஸ் கையிலிருந்து நழுவியதாம். வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு குழறியதாம். வேனில் போகும் பெண்கள் சொல்லித்தான் தெரியும். வலிப்பு என்று நினைத்து எவனோ ஒரு மேதாவி, "இரும்பு குடுங்கப்பா" என்று கத்தி, வேன் சாவியையே கையில் திணித்திருக்கிறான். கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரி. அதே சாவியைப் போட்டு ஒரகடம் வரை ஓட்டியிருக்கிறார் மகாராஜா. பின்னால் வேன் நிறையப் பெண்பிள்ளைகள். அந்தக் கடையில் ஒருத்தனுக்கும் மண்டையில் எதுவும் இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி. ஸ்கேன். டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார்.

"மூளைக்கு ரத்தம் போற குழாய் கொஞ்ச நேரம் அடைச்சிருக்கு. தானா திறந்துடுச்சு. அடுத்த தடவை திறக்கலைன்னா கை, கால், பேச்சு, உயிர், எது வேணா போகும். அட்மிட் ஆகுங்க. வண்டி தொடாதீங்க."

இவர் காதில் விழுந்தது "திறந்துடுச்சு" மட்டும். அட்மிட் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு மாத்திரையோடு கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் நாத்தனார். எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். "திஷ்டி தாண்டா தம்பி, வேற இன்னா கீது?" அடைப்பு மூளையில், வைத்தியம் முச்சந்தியில். காய் வாங்க மறந்துவிட்டேன். ரசம், அப்பளம்.

ஜூன் 11, புதன்

மேகம். துணி காயவில்லை.

விடிந்ததும் சட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறார். "யோவ், டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?"

"இரும்பு புடிச்சதும் சரியாப் போச்சுல்ல? சும்மா கத்திகினு கெடக்காத."

பொத்தானை ஓட்டை மாற்றிப் போட்டிருக்கிறார். அதுகூடத் தெரியவில்லை. பின்பக்கம் போய் வேன் இன்சார்ஜுக்கு போன் போட்டேன். அவன் இன்னொரு ரகம். "இன்னிக்கு ஒரு நாள் ஓட்டட்டும்கா, ஆள் இல்ல."

"அப்ப ஏறப்போற பொண்ணுங்க கிட்ட நானே சொல்லிக்கறேன்" என்றேன். உடனே ஆள் முளைத்தான். வந்து சாவியை வாங்கிக்கொண்டு போனான்.

அப்போது ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை. பிழைப்பில் மண்ணைப் போட்டவளாம், குடி கெடுக்க வந்தவளாம். என் அப்பன் வரை இழுத்தாயிற்று. சோறு வேண்டாமாம். கிடக்கட்டும்.

அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை எல்லாம் தெளிவாகத்தான் வருகிறது. திட்டட்டும்.