இடது பாதம்

2019 மார்ச் 3, ஞாயிறு

யாங்கோனை அடுத்த தன்லியின் மண் தடத்தில் இன்று நான்கு ஓட்டம், நான்கிலும் நான்தான் முதல். ஸ்பீட்வே என்கிற இந்த மண் தட மோட்டார் சைக்கிள் பந்தயம் இந்த ஊரில் தொடங்கி இரண்டு வருடம்தான். வளைவை ஒழுங்காக எடுப்பவர்கள் நானும் மோகனும். அவனுக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் டிப்ளமா முடித்த ஜெனரேட்டர் மெக்கானிக். ஆனாலும் பர்மியப் பையன்கள் ‘கோ மோகன், கோ மோகன்’ என்று அண்ணன் முறை சொல்லி அவன் பின்னால்தான் போகிறார்கள். 24-ஆம் தேதி ஜெயிப்பவனைத் தாய்லாந்துப் பந்தயத்துக்கு அனுப்புகிறார்கள். ஒரே ஆள்.

யாங்கோனுக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. தாமுவேயில் இருக்கும் வீட்டுக்குப் பஸ்ஸில் திரும்பினேன், மடியில் இரும்புச் செருப்பு. பக்கத்திலிருந்த அம்மாள் அது எதற்கு என்றாள். வளைவில் இடது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு போக என்றேன். இடம் மாறி உட்கார்ந்தாள்.

மார்ச் 8

போன வருடம் என் தோள் எலும்பு முறிந்தபோது, நான் தீ மிதிப்பதாக அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாளாம். என் காலை யாரைக் கேட்டு நேர்ந்தாள்? “நேந்தத முடிக்காம வண்டியில ஏறுனா நான் சோறு தொடமாட்டேன்.” தொடமாட்டாள். எனக்குத் தெரியும். திருவிழா 17-ஆம் தேதி.

சரி. கரி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். நிற்காமல் நடந்தால் ஒன்றும் ஆகாது. இது பக்தி இல்லை, பௌதிகம். சொன்னால் அடிப்பாள்.

மார்ச் 13

காப்பு கட்டி விரதம். வேலைக்குப் போன இடத்தில், பபேடானில், மொயிங்கா சாப்பிட்டேன். மீன் சாறுதான். பசி.

மார்ச் 17

எனக்கு முன்னால் கோயில் கமிட்டி தனசேகரன் மாமா. குழியின் நடுவில் அவருக்கு அருள் வந்துவிட்டது. நின்றுவிட்டார். நின்று ஆடுகிறார். இரண்டு பக்கமும் ஆள். தள்ளினேன், நகரவில்லை.

எங்கள் வண்டியில் பிரேக்கே கிடையாது. ஏன்? முன்னால் போகிறவன் திடீரென்று நிற்கக் கூடாது என்பதற்குத்தான். இதை எந்தப் பூசாரியிடம் சொல்வது?

வலதில் ஒரு கொப்புளம். இடது பாதம் முழுக்க. இடதுதானா வேணும்?

மார்ச் 18

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்: சுத்தமாக இருந்தவனைச் சுடாதாம். மாமா பாதத்தில் ஒரு சின்னக் காயம்கூட இல்லையாம். வாழ்நாள் முழுக்கச் செருப்பில்லாமல் நடந்தவர் — அது தோலா, டயரா?

அம்மா மருந்து போட்டுக்கொண்டே கேட்டாள். “விரதத்துல எதாச்சும் தின்னியாடா?”

“மொயிங்கா.”

அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. காரணம் கிடைத்துவிட்டது.

மார்ச் 24

பஞ்சு சுற்றி, மேலே இரும்புச் செருப்பை மாட்டி ஓட்டினேன். இரண்டு ஓட்டம் தாங்கியது. மூன்றாவதில், வளைவில், கால் மேலே வந்துவிட்டது. நான் தூக்கவில்லை. அதுவாகவே வந்தது. வண்டி நேராக வேலிக்குப் போனது.

மோகன் போகிறான்.

“பந்தயம் முடியட்டும்னு அம்மாகிட்ட சொல்லிருக்கலாம்லடா” என்றான். கேலி இல்லை. அதுதான் தாங்கவில்லை.

ஏப்ரல் 2

அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள்.

மே 5

மோகன் தாய்லாந்திலிருந்து போன் செய்தான். நாளைக்குப் பந்தயம். மண் இங்கே மாதிரி இல்லையாம். வளைவிலிருந்து வெளியே வரும்போது வண்டி இழுக்கவில்லையாம். பின்னால் எத்தனை பல் உள்ள செயின் சக்கரம் போடுவது என்று கேட்டான்.

கூட்டச் சொன்னாலும் நம்பியிருப்பான், குறைக்கச் சொன்னாலும் நம்பியிருப்பான். லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ, ஹலோ என்றான்.

சரியானதைத்தான் சொன்னேன்.