குரூப்பில் எழுதியது அப்பா இல்லை

அண்ணா, இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, யாரிடமும் காட்டாதே, உன் அறையில் இருப்பவரிடம்கூட. அம்மா உனக்கு அனுப்பும் பார்சலில் ஸ்வெட்டர் கைக்குள் மடித்து வைக்கப்போகிறேன். உன் இருமல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, அப்பாவும் சௌக்கியம், நான் மட்டும்தான் சரியாக இல்லை.

நம் கட்டடத்து வாட்ஸ்அப் குரூப்பில் போன வாரம் நடந்ததை நீயும் பார்த்தாய். தண்ணீர்த் தொட்டி மூடி இரண்டு வாரமாகத் திறந்தே கிடக்கிறது என்று மேல்மாடித் தையல்கார அக்கா மரியாதையாகத்தான் எழுதினார். கட்டடச் சங்கச் செயலாளரான தன்னைக் குறை சொல்கிறார் என்று அப்பாவுக்குச் சுருக்கென்றது. அப்பாவுக்கு ஃபோனில் எழுதவும் படிக்கவும் வராது, அவர் சொல்லச் சொல்ல எழுதுவது நான் என்று நம் வீட்டைத் தவிர யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அவர் சொன்னது ஒரே வரி, "மூடியை நான் பாத்துக்கறேன், நீங்க உங்க வேலையைப் பாருங்க." அதற்குக் கீழே, "ஊசியில நூல் கோக்கவே பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கூப்பிடுறவங்களுக்கு மூடி மட்டும் எப்படிக் கண்ணுல பட்டுச்சு" என்று சேர்த்தது நான். அந்தப் பிள்ளையும் நான்தான். தினமும் சாயங்காலம் பத்து ஊசியில் நூல் கோர்த்து வைத்துவிட்டு வருவேன். கண் மங்குவது தெரிந்தால் ஒருத்தரும் துணி தரமாட்டார்கள், வெளியே சொல்லிடாதே கண்ணு என்று அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் சிரிக்கட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். இருபத்தாறு பேர் சிரித்தார்கள். தன் வரிக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று அப்பா அன்று இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நீயும் சிரிக்கும் பொம்மை போட்டாய். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைக் குரூப்பில் எழுதாதே என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நீதானே அண்ணா.

மறுநாளே எதிர்வீட்டு நர்ஸ் தன் மகளின் கல்யாணத் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். அக்கா குரூப்பைவிட்டு விலகிவிட்டார். நேற்று படிக்கட்டில் என்னை நிறுத்தி, "உங்க அப்பாவுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?" என்று கேட்டார். தெரியலக்கா என்றேன். "சரி, இனிமே சாயங்காலம் வர வேண்டாம், கோக்குறதுக்கு ஒண்ணும் இல்ல" என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார். என்னை அவர் சந்தேகப்படவே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

அந்த வரியை அழிக்கப் பார்த்தேன், நேரம் கடந்துவிட்டதால் முடியவில்லை. அப்பாவிடம் சொன்னால் தோலை உரித்துவிடுவார். நீ சொன்னால்தான் கேட்பார். "நான் சிரித்தது தப்பு" என்று குரூப்பில் முதலில் நீ எழுது, பார்த்து இன்னும் நாலு பேர் எழுதலாம். இந்தத் தாளைக் காட்டாமல், அந்த வரியைச் சேர்த்தது நான்தான் என்று அப்பாவிடம் நீயே சொல்லிவிடு. பயமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடு. அதற்குப் பிறகும் துணி திரும்பி வருமா என்றால், வராது என்றுதான் தோன்றுகிறது. இரவில் வெந்நீர் குடி, ஸ்வெட்டர் போடாமல் வெளியே

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். மேல்மாடி அக்கா வீடு மாசக் கடைசியில் காலியாகிறதாம், வாடகைக்கு ஆள் வேண்டும் என்று இப்போதே குரூப்பில் போட வேண்டுமாம், எழுந்து வந்து எழுது என்று