பேத்தி கால் ஒடஞ்ச காரணம்

புரட்டாசி, செவ்வாக்கெழம

இல்ல மதினி, நீங்க சொல்ற மாதிரி பேத்தி கால் ஒடஞ்சது எம்மருமக கீழ போட்டதால இல்ல. மாசமா இருக்கப்ப பட்டாசுக் கம்பெனிக்குப் போனதாலயும் இல்ல.

இன்னைக்கு டாக்டரு பிள்ள கண்ணப் பாத்தாரு. வெள்ள முழியில லேசா நீலம். என் கண்ணுலயும் அதே நீலம். அதப் பாத்துட்டு எங்கிட்ட கேட்டாரு:

"சின்னதுல எலும்பு ஒடஞ்சிருக்காய்யா?"

"நாலு தடவ. புளியமரம் ஏறி."

"மரத்து மேல பழி போடாதீங்க. இது உங்க வம்சத்துல வர்ற நோவு. மருந்து ஏத்துவோம், நடப்பா"ன்னாரு.

சாயந்தரம் இத உங்கட்ட சொல்லிக்கிட்டே, "எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டி, காலப் பிடிச்சுத் தலகீழாத் தூக்குனது யாரு மதினி?"ன்னு சீண்டிட்டேன். உங்க மூஞ்சி செத்துப்போச்சு. குத்தம் உங்க கையில இல்ல, நான் குடுத்த எலும்புலதான்னு சொல்லுறதுக்குள்ள விறுவிறுன்னு போயிட்டீக.

உங்க செருப்பு எங்க வீட்டு வாசல்லதான் கெடக்கு. காலையில எடுக்க வருவீகல்ல.