நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய்

2006 மே 13, சனி

கார் டெஸ்ட் திரும்பவும் பெயில். இவர் முகத்தில் ஒரு கவலையும் இல்லை. "உமக்கென்ன குறை? நான் ஏத்தி இறக்கிறன்தானே" என்றார். குறையே அதுதான்! ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கவும் நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் நிற்க வேண்டும். இவர் தேத்தண்ணி குடித்து முடித்துத்தான் எழும்புவார். பஸ்ஸில் போனால், வீட்டில் கார் நிற்க பஸ்ஸோ, சட்டன் ஊர்த் தமிழ்ச் சனத்துக்குள் தன் மானம் போச்சாம். நாற்பத்தொரு வயதில் என் பாட்டுக்கு ஒரு இடம் போய்வர ஏலாதோ?

மே 14, ஞாயிறு

பழஞ்சாமான் விற்கும் கார் பூட் சந்தையில் ஒரு ஸ்கேட்போர்ட் வாங்கிவிட்டேன். ஓம், நான்தான். செம்மஞ்சள் நிறம், நல்ல அகலம், பின்பக்கம் மீன் வால் மாதிரி, பெரிய மெத்தென்ற சில்லுகள். முந்தி அமெரிக்காவில் நீச்சல் குளத்துத் தண்ணீரை இறைத்துவிட்டு, அந்தக் குழிக்குள் இப்படிப் பலகையில்தான் ஓடினார்களாம். இது அதே மாதிரிப் புதிதாகச் செய்ததாம். விற்றவர் சொன்னார். வேலையற்ற சனம்! எனக்கு உடனே பிடித்துவிட்டது.

மே 16, செவ்வாய்

பக்கத்து வீட்டு டொலறஸ் அக்கா எட்டிப் பார்த்து "விழாதை பிள்ளை" என்றா. விழுந்தேன். ஆனால் அதற்கு முதல் தபால் பெட்டி வரை ஓடினேனே!

மே 17, புதன்

இவர் கண்டுவிட்டார். ஒரே சன்னதம். "பூசை போடாத வாகனம் இந்த வாசலில் நிக்கப்படாது!"

"போட்டால்?"

"ஐயர் இதுக்குப் பூசை போட்டால் நான் பிறகு வாயே திறக்கமாட்டன்."

ஐயர் துரத்திவிடுவார் என்ற துணிவு.

மே 19, வெள்ளி

கோயிலில் ஐயர் கேட்டது ஒன்றுதான். "சில்லு இருக்கோ?"

"ஓம் ஐயா."

"அப்ப வாகனம்தான்."

சந்தனம், மாலை, நாலு சில்லுக்கும் முன்னால் நாலு தேசிக்காய். காரென்றால் ஒரே உருட்டில் நசிந்துவிடும். இதுவோ அசையவே இல்லை. தேசிக்காயும் சில்லும் ஒரே அளவு! நான் ஏறி நின்றேன். ம்ஹும். நசியாமல் பூசை முடியாது என்று ஐயர் ஒற்றைக் காலில் நிற்கிறார். பின்னால் புதுக் கார்க்காரர் ஹோர்ன் அடிக்கிறார்.

"கணேசலிங்கம், நீர் ஏறும். உம்மட பாரம் காணும்" என்றார் ஐயர்.

இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். சளக்! கார் நிறுத்துமிடமோ சரிவு. மாலையும் போர்டும் இவருமாகச் செருப்புத் தட்டு வரைக்கும் ஒரே ஓட்டம். நேர்த்திக்கடன் என்று நினைத்துச் சனம் "அரோகரா" சொல்லி வழிவிட்டது. இவர் விழவில்லை! திரும்பிய முகத்தில் கல்யாணத்தன்று கூடக் காணாத சிரிப்பு.

"சுசிலா, இன்னொருக்கா ஓடட்டோ?"

மே 27, சனி

போர்டைக் காணவில்லை. இவரையும் காணவில்லை. கார் வாசலில் நிக்குது!! நான் இப்ப போர்டுக்கும் இவரைக் கேட்க வேணுமோ? பத்திக்கொண்டு வருது.

ஜூன் 2, வெள்ளி

இவருக்கு இடது கை முறிவு. பூங்காவில் குழந்தைகளின் குளம் தண்ணீரில்லாமல் கிடந்ததாம். அந்த அமெரிக்கக் கதையை நான் ஏன் இவருக்குச் சொன்னேன்? மாவுக்கட்டோடு கார் ஓட ஏலாது. பக்கத்தில் இருந்து எனக்குப் பழக்க ஏலும்.

ஜூன் 10, சனி

பழக்குகிறார். சந்திக்குச் சந்தி "முருகா!"

ஜூலை 8, சனி

பாஸ்.

ஜூலை 11, செவ்வாய்

இன்றைக்கு இவருக்குக் கட்டு அவிழ்க்கும் நாள். விடிந்ததும் வெளிக்கிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, நல்ல கைக் கக்கத்தில் போர்டோடு கதவடியில் நின்றார். "சுசிலா, நேரமாகுது. வெளிக்கிடுவமோ?"

கார்த் திறப்புக் கொத்து என் கையில்.

"பொறுங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்றேன். ஆறுதலாகக் குடித்தேன். பிறகு இன்னொரு கோப்பை ஊற்றினேன்.