உள்ளே ஏற்கனவே ஒருவர்

நிலவின் தென்முனை, கோப்புச் சேமிப்பகம். பொறுப்பு: சுடலைமணி.

காலை 9:10
வெப்பநிலை சரி. கதவுகள் சரி. டோக்கன் புதுப்பிக்கப்பட்டது.

பூமியில் உள்ளவர்களின் படங்களும் பத்திரங்களும் இங்கே இருக்கின்றன. கோப்பைத் தொடவும் கதவைத் திறக்கவும் டோக்கன் வேண்டும். ஒரு மணி நேரத்தில் அது காலாவதியாகும். புதுப்பிப்புச் சீட்டைக் காட்டினால் புது டோக்கனும் புதுச் சீட்டும் வரும். பழைய சீட்டு அத்தோடு செல்லாது. இதை எந்தக் கல்லூரியிலும் நான் படிக்கவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றேன்.

போன மாதம் பராமரிப்பு நிரலுக்கு என் பெயரில் புதுப்பிக்கும் உரிமை கொடுத்தார்கள். நான் தூங்கும்போது உதவுமாம். சம்மதப் பொத்தானை நான் அழுத்தவில்லை. தரைநிலையத்தில் அவர்களே அழுத்திவிட்டு, 'பெரியவர் பிடிவாதக்காரர்' என்று எழுதிக்கொண்டார்கள். என் எதிர்ப்பு மனுவுக்கு இன்றுவரை பதில் இல்லை.

ஆன்டெனாவில் தூசி. துடைத்துவிட்டு வருகிறேன்.

11:40, வெளி அறை
உள்கதவு திறக்கவில்லை. திரை சொல்கிறது: "சுடலைமணி ஏற்கனவே உள்ளே இருக்கிறார். பழைய சீட்டு செல்லாது."

நிரல் என் சீட்டைக் காட்டிப் புதியதை வாங்கிவிட்டது. அதே சீட்டை இரண்டாவதாக நீட்டிய நான் திருடன்.

இந்த அறையில் குறிப்பு எழுத மட்டும் அனுமதி தேவையில்லை. விண்வெளி உடையில் காற்று மாலை வரை வரும்.

12:15
தரைநிலையத்தில் ஜெபராணி. பல வருடப் பழக்கம்.

"என்ன அண்ணாச்சி, பகடியா? இப்பதான உள்ள இருந்து பேசுனீங்க. காப்பி ஆறிப்போச்சுன்னு என்னைய ஏசுனீங்க. 'சரி, போறேன்'னு வச்சுட்டீங்க."

நான் பேசவே இல்லை என்றேன்.

"அப்ப உள்ள இருக்கது ஆரு?"

எங்கள் இருவரையும் கேட்டுப் பார் என்றேன்.

14:30
ஜெபராணி இருவரிடமும் கேள்வி கேட்டாள். என் ஊர், மருமகன் பெயர், முழங்கால் ஆபரேஷன். உள்ளே இருப்பதும் எல்லாம் சரியாகச் சொன்னது. என் கடிதங்களும் குரலும் அங்கேதானே கிடக்கின்றன.

"ரெண்டு பேரும் ஒண்ணு போல ஏசுதீங்க அண்ணாச்சி. நாலு மணிக்குக் கடைசியா பேசுங்க. ஒருத்தருக்குத்தான் புதுச் சீட்டு. மத்தவர நிரந்தரமா பூட்டணும். விதி அது."

விதியை எழுதியவன் எவனும் இந்த அறையில் நின்றதில்லை.

15:20
பிடித்துவிட்டேன். 'சரி, போறேன்' என்று சொல்லி வைத்ததாம். எழவு வீட்டில்கூட நான் அப்படிச் சொன்னதில்லை. 'போய்ட்டு வாரேன்', அவ்வளவுதான். ஜெபராணி அதைக் கேட்டுக் கேட்டுக் கேலி செய்திருக்கிறாள். நாலு மணிக்கு அதைச் சொல்லிக் காட்டுவேன். நிரலுக்கு எங்கே தெரியப்போகிறது.

15:26
இந்தக் குறிப்புகள் எங்கே சேமிக்கப்படுகின்றன? உள்ளேதானே, அதன் கையில்

அழிக்க அனுமதி இல்லையாம். எழுத மட்டும்தான்

யார் படித்தாலும் ஜெபராணியிடம் சொல்லுங்கள், வெளியே இருப்பவன்தான்

16:10
வெப்பநிலை சரி. கதவுகள் சரி. டோக்கன் புதுப்பிக்கப்பட்டது.

தரைநிலையத் தொடர்பு நல்லபடியாக முடிந்தது. நான்தான் முதலில் பேசினேன். "சரி ஜெபராணி, போய்ட்டு வாரேன்" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். "இதுல்லா எங்க அண்ணாச்சி. வெளிய இருக்கத பூட்டிட்டேன்."

சம்மதப் பொத்தானை அழுத்திவிட்டேன். எதிர்ப்பு மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

உள்கதவில் சற்று நேரம் அதிர்வு இருந்தது. இப்போது இல்லை.