ஆறு அறைகளும் பின்னால் ஒரு மேடும்

மச்சான்,

இன்று காலை கடையில் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எங்கோ தூரத்திலிருந்து ஒரு தகப்பன். மகளுக்குப் பதுளை கெம்பஸில் படிக்க இடம் கிடைத்திருக்கிறதாம். பதிவுக்கு வந்துபோனபோது சந்தி லைட் கம்பத்தில் தொங்கும் தகரப் பலகையில் என் நம்பரைப் பார்த்தாராம். "அரண்மனைக்கு நிகரான அறைகள் வாடகைக்கு" என்று நான் என் கைப்பட எழுதிய அதே பலகை. அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற நீ, "அரண்மனைன்னு போட்டா ராசா வந்து குடியிருப்பாரா மச்சான்?" என்று கேட்டாய்.

"ரூம் இல்லீங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன். ஏன் இல்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

நீ போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது.

மீரியபெத்தையில் மலை சரிந்து, வரிசை வீடாய் நின்ற லயத்தோடு ஆட்களை மண் மூடிய பிறகு, மழை வலுக்கும்போதெல்லாம் ஹல்துமுல்லையில் உங்கள் லயத்தையும் காலி செய்து பள்ளிக்கூட மண்டபத்தில் படுக்க வைத்தார்கள். வருசா வருசம் பாயைச் சுருட்டி அலுத்துப்போனாய். தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற அன்றே என் கடைக்கு வந்து நின்றாய். "டவுன் பக்கமா ஒரு துண்டு காணி பாரு மச்சான். மழை பேஞ்சா நான் தூங்கணும். எனக்கு அவ்வளவுதான் வேணும்."

நான் கடைவீதியில் ஒரே ஒரு தையல் மெஷினுக்குச் சொந்தக்காரன். ஆனாலும் அந்த நிமிடமே ஊவா மாகாணத்தின் வாடகைத்துறை மந்திரியாக எனக்கு நானே பதவிப் பிரமாணம் செய்துவைத்துக்கொண்டேன். "தங்கச்சிக்கும் உனக்கும் ஒரு ரூம், வாடகைக்கு ஆறு ரூம். இனிமே நீ மலையேற வேணாம், காசு உன்னத் தேடி மலையேறி வரும்" என்று முழங்கினேன். கெம்பஸுக்குக் கிட்ட, ரோட்டுக்கும் ஒரு சின்ன மேட்டுக்கும் நடுவில் காணி கிடைத்தது. அந்தத் தெருவில் அப்போது அறை கட்டாத மனிதன் கிடையாது. மாட்டுக்கொட்டிலுக்கு டைல்ஸ் ஒட்டி, வைபை கொடுத்து, பிள்ளைகளைக் குடிவைத்தார்கள். மாடு மழையில் நின்றுகொண்டு பாஸ்வேர்ட் கேட்டது.

மேசன் உன்னிடம் வீட்டுப் படம் கேட்டான். நீ ஒரு குச்சியை எடுத்து மண்ணில் நீளமாக ஒரு கோடு போட்டாய். பத்துக்குப் பன்னிரண்டு, அதை ஒட்டி இன்னொரு பத்துக்குப் பன்னிரண்டு. ஏழு கதவும் ஒரே வரிசையில், முன்னால் நீளத்துக்கும் தாழ்வாரமாக ஒரே இஸ்தோப்பு, மூலையில் ஒரு பைப். கூரை ஏறும்வரை எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. பார்க்க வந்த யாழ்ப்பாணத்துத் தகப்பன் ஒருவர்தான் சொன்னார்.

"இதென்ன அண்ணை, தோட்டத்து லயம் மாதிரியெல்லோ கட்டி வச்சிருக்கிறியள்? பொம்பிளப் பிள்ளை குளிக்கிறதுக்கு வெளியில போறதே?"

"ஆமாங்க, நாங்கெல்லாம் அப்படித்தாங்க இருந்தோம்" என்று நீ சிரித்தாய். அவர் மகளைக் கூட்டிக்கொண்டு முன்வீட்டுக்குப் போய்விட்டார்.

லயத்தில் பிறந்த இரண்டு பேர், லயத்தை விட்டுத் தப்பி வந்து, சொந்தக் காசில் ஒரு லயம் கட்டியிருந்தோம்.

மூன்று மாதம் ஏழு கதவில் ஒன்றுதான் திறந்தது. அது உன்னுடையது. "பாத்ரூம் இல்லாத ரூமுக்கு யாரு வருவா? பாத்ரூம் கட்டுங்க" என்று தங்கச்சி அரிக்கத் தொடங்கினாள். எங்கே கட்டுவது? முன்னால் ரோடு, பின்னால் மேடு. நான் இஸ்தோப்பில் தேத்தண்ணீரோடு உட்கார்ந்து அரச கட்டளை பிறப்பித்தேன்.

"மேட்டக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லு."

"வேணாம் மச்சான். மலைக்குப் பயந்துதானே இங்க வந்தேன்."

"இது மலையா? மலையோட பேரப்புள்ள. இன்னும் தவழவே பழகல."

நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே, "வெட்டுனா மண்ணு சரியாம உடனே கல்லணை கட்டணுமே" என்றாய்.

"மொதல்ல ஆளு வரட்டும், அப்புறமா அணை கட்டலாம். அந்த மேடு என் மாமியா மாதிரி. உக்காந்த எடத்த விட்டு அசையாது."

அடுத்த வாரமே மண் வெட்டுகிற பெக்கோ வந்து மேட்டைச் செங்குத்தாகச் சீவிவிட்டுப் போனது. அறைக்கு அறை பின்னால் ஒரு பாத்ரூம் ஒட்டிக்கொண்டது. ஒரே மாதத்தில் ஆறும் நிறைந்தன. இடம் கேட்டு வருகிறவர்களின் வரிசை பண்டாரவளைவரை நீள்கிறது என்று நான் கடைவீதியெல்லாம் சொல்லித் திரிந்தேன். நீ கல் எங்கே மலிவு என்று விசாரித்துக்கொண்டிருந்தாய்.

கார்த்திகை மழை நான்கு நாளாக விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைகள் துணி துவைக்கிற நேரம். மேட்டின் அடியில் கசிகிற தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கி வருவதைப் பார்த்திருக்கிறாய். தோட்டத்து ஆளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தங்கச்சியை ரோட்டுக்குத் தள்ளிவிட்டு, சாப்பாட்டுத் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு இஸ்தோப்பு நெடுக ஓடித் தட்டினாயாம், மழைக்காலத்தில் லயத்தை எழுப்புவதுபோல. "வெளிய வாங்க புள்ளைகளா! ஒன்னையும் எடுக்காதீங்க!"

கதவுகள் ஒரே வரிசையில் இருந்தன. வாசலைத் தாண்டினால் இஸ்தோப்பு, இஸ்தோப்பைத் தாண்டினால் ரோடு. பிள்ளைகள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். முன்வீட்டைப்போல மாடியும் படியுமாகக் கட்டியிருந்தால் பாதிப்பேர் உள்ளேதான் கிடந்திருப்பார்கள் என்று பிறகு பார்க்க வந்த அதிகாரி சொன்னார். லயம் என்று எல்லோரும் ஒதுக்கியது காப்பாற்றியது.

கடைசி அறையின் பாத்ரூமில் மட்டும் தண்ணீர் விழுகிற சத்தம் உனக்குக் கேட்டிருக்கிறது. உள்ளே ஒரு பிள்ளை இருக்கிறாள் என்று நினைத்துப் போய்க் கதவைத் தட்டினாய். உள்ளே யாரும் இல்லை. வாளிக்கு மேல் பைப்பைத் திறந்தபடியே விட்டுவிட்டு அவள் ஓடி வந்திருந்தாள். ரோட்டில் நின்று உன்னைக் கூப்பிட்டாளாம். மழைச் சத்தத்தில் உனக்குக் கேட்கவில்லை.

மலையின் பேரப்பிள்ளை எழுந்து நின்றது.

மண்ணைத் தோண்டி உன்னை எடுக்கப் பிற்பகலாகிவிட்டது. பைப்பைத் திறந்துவிட்டு வந்த அந்தப் பிள்ளை கருமாதிக்கு வந்து, வாசல் படலைக்கு வெளியிலேயே நின்றுவிட்டுப் போனாள்.

தங்கச்சி இப்போது என் வீட்டில் இருக்கிறாள். மழை பெய்தால் தூங்குவதில்லை. துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரே பேச்சு: "நான்தான் பாத்ரூம் பாத்ரூம்னு அரிச்சு அந்த மனுசன மண்ணுக்குள்ள அனுப்பிட்டேன்." நான் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருப்பேன். சிறுத்தையைக் குடையால் அடித்து விரட்டிய கதையை நூறு விதமாகச் சொல்லத் தெரிந்த எனக்கு, இரண்டு வருசமாக இந்த ஒன்றைச் சொல்ல நாக்கு எழவில்லை.

இன்று அந்தப் போனை வைத்ததும் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். அவள் சுளகில் கொட்டிய அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து சொன்னேன். மேட்டை வெட்டச் சொன்னது நான். அணையைத் தள்ளிப்போடச் சொன்னதும் நான். அவன் வேண்டாம் என்றுதான் சொன்னான், நான் சிரிக்க வைத்துவிட்டேன். அவ்வளவுதான். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

அவள் சுளகை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

"போங்கண்ணே. ஒங்க பேச்ச அவரு என்னைக்கு நம்புனாரு?"

ஆறுதலுக்குச் சொன்னாளா, இவனுக்கு அந்தப் பாரத்தைக்கூடக் கொடுக்கக் கூடாது என்று பிடுங்கிக்கொண்டாளா, எனக்குத் தெரியவில்லை. கையில் இருந்த கல்லை வாசலில் எறிந்துவிட்டு அடுத்த கல்லைத் தேடினாள்.

மச்சான், நான் பத்து என்றால் ஊர் அதை ஒன்றாக்கித்தான் காதில் போட்டுக்கொள்ளும். அந்தத் தைரியத்தில்தான் இத்தனை காலமும் வாய்க்கு வந்ததைப் பேசித் திரிந்தேன். என் பேச்சை நம்பி நீ வெட்டவில்லை என்கிறாள் தங்கச்சி. அப்படியே இருக்கட்டும் என்று நானும் நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை. மேட்டடியில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்த முகம் எனக்குத் தெரியும். இந்த ஊரில் என் பேச்சை அப்படியே நம்பிய ஒரே ஆள் நீதான்.